மூலையில் பட்ட மை

இலஞ்சி,
தாது வருஷம் ஆனி மாதம் 22

சிரஞ்சீவி ஆவுடையப்பனுக்கு, அம்மா சங்கரம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் ஒன்றுதான் சொன்னபடி கேட்கவில்லை. ரங்கூனில் நீயும் முத்துவடிவும் குழந்தையும் சுகமாக இருப்பதை உன் காகிதத்தின் முதல் வரியில் படித்தேன். மீதி வரிகளைப் படித்த பிறகும் அந்த முதல் வரிக்காகச் சந்தோஷப்பட்டேன். சாரல் இந்த வருஷம் வைகாசிக் கடைசியிலேயே இறங்கிவிட்டது, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குளிக்க வருகிற கூட்டத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ரோட்டில் நடக்க முடியவில்லை. தோப்பில் பலா இரண்டு மரம் காய்த்திருக்கிறது, மூன்றாவது மரம் காற்றில் கிளை முறிந்து நிற்கிறது. சுரண்டையில் உன் தங்கைக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. போன மாதம் மாப்பிள்ளை குற்றாலிங்கம் இங்கே வந்தார், இரண்டு நாள் இருந்தார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நான் போட்டதைச் சாப்பிட்டார், ஊருக்குப் போனதும் உனக்கு எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியதை வைத்து நீ எழுதிய காகிதத்தை நாலு தரம் படித்தேன். ஜெயிலில் இருக்கிற சொரிமுத்துவுக்கு நான் காகிதம் எழுதுவதை நிறுத்த வேண்டும், ஊர் சிரிக்கிறது, அவன் வெளியே வந்தால் தோப்பில் குடிவைக்க நீ சம்மதிக்க மாட்டாய், இவ்வளவுதான் அதில் உள்ள விஷயம். ஊர் சிரிப்பது மெய்தான். படித்துறையில் ஒருத்தி, பெயர் வேண்டாம், நான் துணியை நனைக்கும்போது, “ஆச்சிக்கு ஜெயில்லேருந்து காயிதம் வந்திருக்காமே, அவுக சொகமா இருக்காகளா?” என்று கேட்டாள். “சொகமாத்தான் இருக்கான், ஒன் வீட்டுக் கோழியை எல்லாம் எண்ணி வைக்கச் சொன்னான்” என்றேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு விதவை யாருக்குக் காகிதம் எழுதினால் ஊருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்டு ஆகப்போவதும் இல்லை. நான் எழுதக் கற்றதற்கே உன் அப்பா ஆறு மாதம் என்னுடன் சரியாகப் பேசவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பலகையில் எழுதிப் போட்டதை, நீ அழிப்பதற்கு முன்னால் அடுப்படியில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, அதனால் நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் பாத்தியதை இல்லை.

நடந்தது என்ன என்று உனக்கு யாரும் முறையாக எழுதியிருக்க மாட்டார்கள். நீ கப்பல் ஏறின மறு வருஷம் தை மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில் நான் தோப்புக்குப் போகும்போது, வண்டிக்கார மூசாவின் மாடு இரண்டையும் சொரிமுத்து குளத்தங்கரை வழியாக ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். தென்காசிக் கோர்ட்டில் கேட்டபோது பார்த்ததைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். மாடு மூசாவுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வேறு ஒருவன் என்றால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ போட்டிருப்பார்கள். இவன் ஆட்கள் அத்தனை ஆண்பிள்ளைகளின் விரலும், மீசை முளைக்கும் முன்னாலேயே மையில் அமுக்கப்பட்டுப் போலீஸ் புத்தகத்தில் இருக்கிறது, ரேகைச் சட்டம் என்று அதற்குப் பெயர், உனக்குத் தெரியாதது இல்லை. அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்தார்கள், ஐந்து வருஷம் போட்டார்கள். நான் மாட்டுக்குத்தான் சாட்சி சொன்னேன், அவன் பிறப்புக்குச் சொல்லவில்லை. என் சாட்சியை அதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

தீர்ப்பு ஆன ஒரு வாரத்தில் அவன் தாய் சந்தனமாரி வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “எம் மவன் களவாண்டான்னு சொன்ன வாய்தானே ஒனக்கு, அந்த வாயில ஒரு காயிதமும் சொல்லி நீயே எழுதிப் போடு ஆச்சி, இந்தப் பக்கத்துல வேற எவ எழுதுதா” என்றாள். அது நியாயமாகப் பட்டது. ஜெயிலில் மூன்று மாதத்துக்கு ஒரு காகிதம் உள்ளே போகலாம், ஒன்று வெளியே வரலாம், இரண்டையும் அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். கவலைப்படாதே, கடவுள் இருக்கிறார் என்று எல்லாம் நான் எழுதுவது இல்லை, அவனுக்கு அது எதற்கு. அவன் தாயின் சங்கதி, மழை, வாய்க்கால், எந்த மரம் காய்த்தது, மூசாவின் மாடு எப்படி இருக்கிறது என்று எழுதுவேன். மாட்டைப் பற்றி முதலில் கேட்டது அவன்தான்.

இரண்டாவது வருஷம் ஒரு காகிதத்தில், ரேகைக்காரர்கள் வீட்டில் போலீஸ் புகுந்து சட்டி பானையை உடைத்ததைக் கடைசி வரியில் எழுதிவிட்டேன். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அந்த வரியின் மேல் கறுப்பு மையைப் பூசி அனுப்பிவிட்டார்கள். வரி இருந்தது தாளின் கீழ் மூலையில். சொரிமுத்துவுக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. மூலையில் கறுப்பு இருந்தால் நமக்கு அது சாவுக் காகிதம் இல்லையா, தாய் செத்துப்போனாள் என்று முடிவு கட்டிவிட்டான். யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை, சாவுக் காகிதத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொல்கிறவன் யார். தலையை மொட்டை அடித்துக்கொண்டான், மூன்று நாள் கஞ்சி குடிக்கவில்லை, கிடைத்த சோற்றை உருட்டி மதில் மேல் காக்கைக்கு வைத்தான். நாலாம் நாள் கூட இருந்த மசூது என்கிற நெசவுக்காரக் கைதி தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “ஏலே, ஒங்கம்மா கத்தரி நட்டிருக்காளாம், காய் பிடிச்சிருக்காம், நீ அவளுக்குச் சோத்தை உருட்டி வச்சிக்கிட்டு இருக்கே, காக்கா தின்னுச்சாலே?” என்று கேட்டானாம். இதையெல்லாம் அடுத்த காகிதத்தில் மசூதே எழுதியிருந்தான். நான் படித்துச் சொன்னதும் சந்தனமாரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள், “உசுரோட இருக்கையில எனக்குச் சோறு வச்ச பய, செத்தா வைப்பானா” என்று மூக்கைச் சிந்தினாள்.

அதற்குப் பிறகு நான் எழுதும் காகிதத்தில் மேலே முதல் வரியாக, உன் தாய் உயிரோடு இருக்கிறாள், என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத்தான் தேதியே போடுகிறேன். அவன் இனிமேல் பிறத்தியார் கண்ணை நம்புவது இல்லை என்று, என் காகிதங்களையே பாடமாக வைத்து மசூதுவிடம் எழுத்துக் கூட்டத் தொடங்கினான். நான் எழுத்துக்களைத் தள்ளித் தள்ளி எழுதினேன். ஒன்றரை வருஷம் கழித்து அவன் கையால் நாலு வரி வந்தது. ஒன்பது தப்பு. திருத்தி அனுப்பினேன், அடுத்ததில் ஆறு. தோப்பைப் பற்றி ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பேன், மேற்கு வேலிக்கு எந்த முள் நிற்கும், கிணற்றடிச் சரிவை எப்படிக் கட்டுவது என்று. மூன்று மாதம் அதை யோசித்துப் பதில் எழுதுவான், அவனுக்கும் யோசிக்க ஒன்று வேண்டும் அல்லவா. கார்த்திகை மழைக்கு வருஷா வருஷம் ஓடைத் தண்ணீர் தோப்புக்குள் புகுந்து வாழையைச் சாய்க்குமே, போன கார்த்திகையில் புகவில்லை. வடக்கு மூலையில் பெரிய பாறையைச் சுற்றி வாய்க்காலைத் திருப்பச் சொன்னது அவன். இங்கே இருந்து தினமும் பார்த்த எனக்கும் உன் அப்பாவுக்கும் அது தோன்றவில்லை. வாழை நன்றாக வந்திருக்கிறது என்று நீ மெச்சி எழுதினாயே, அது ஜெயிலில் இருந்து வந்த வாய்க்கால்.

இப்போது விஷயம் இது. தண்டனையில் கொஞ்சம் கழித்து ஆவணியில் அவனை விடுகிறார்கள். ஆனால் ரேகைக்காரன் வெளியே வந்தால் இருக்க இடமும் செய்ய வேலையும் தருவதாக நிலம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில் வாசலில் இருந்தே, ரேகைக்காரர்களை அடைத்துவைக்கிற செட்டில்மெண்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது வேறு ஜில்லா, அங்கேயும் வேலிதான். சந்தனமாரிக்குக் கண் மங்கிவிட்டது, சித்திரையில் வந்த காய்ச்சலில் பாதி ஆளாகிவிட்டாள், அங்கே போய் அவனைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று போனேன். தாலுகா கச்சேரியில் எழுத்தர், “பட்டா யார் பேர்ல இருக்கோ அவுகதான் போடணும் ஆச்சி, நீங்க போட்டா அது வெறும் கோலம்” என்றார். பெண்பிள்ளை பெயரில் நிலம் எதற்கு என்று உன் அப்பா தோப்பை உன் பெயருக்கு எழுதினார், நான் பாத்தி கட்டி வைத்த தோப்பு. அதை நான் மறக்கவில்லை, உன்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. மூசாவைக் கேட்டேன். “மாடு வந்துட்டு, எனக்கு அவன் மேல ஒண்ணும் கெடையாது, வந்தா வண்டிக்கு ஒரு கை கூட” என்றார். மாட்டுக்காரருக்கே இல்லாத கோபம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவன் இனித் திருடவே மாட்டான் என்று நான் உனக்கு எழுதித் தரமாட்டேன், எனக்கு அது தெரியாது. திருடினால் திரும்பவும் கோர்ட்டில் வந்து சொல்வேன் என்று அவனுக்கே எழுதினேன். அதற்கு அவன் எழுதிய பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லுங்க ஆச்சி, ஆனா அதுக்குப் பொறவும் காயிதம் போடணும், என்று எழுதியிருந்தான். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறான், அதைத் திருத்தவில்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் உன் கையெழுத்து, பக்கத்தில் தேதி. ஆடி முடிவதற்குள் இங்கே வந்து சேர வேண்டும், கப்பலுக்கும் ரயிலுக்கும் ஆகிற நாளைப் பார்த்து அனுப்பு. கெஞ்சி எழுதவில்லை. நீ போடாவிட்டால் அவன் செட்டில்மெண்டுக்குப் போவான், அங்கேயும் தபால் போகும், நான் எழுதுவேன். மாப்பிள்ளைக்கு இந்தக் காகிதத்தைப் பற்றி எழுதுவதானால் முழுவதும் எழுது.

குழந்தைக்குக் காலையில் வெந்நீர் ஊற்றச் சொல், அந்த ஊர்த் தண்ணீர் சளி பிடிக்கும். முத்துவடிவு கேட்ட வடகம் வெயில் வந்தால்தான் போட முடியும், சாரல் விடட்டும்.

இன்னொன்று. உன் புதுப் பேனா கசிகிறது. போன காகிதத்தின் உறையில் மேல் மூலையில் விரல் அகலத்துக்குக் கறுப்பு மை. தபால்காரர் அதை என் கையில் தரும்போது சந்தனமாரி இங்கே உட்கார்ந்திருந்தாள். எழுத்துத் தெரியாது, மூலை மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன் மவன் இல்லட்டி, இது ரங்கூன் காயிதம், எம் மவன் போட்டது, என்று நான் இரண்டு தரம் சொன்ன பிறகு அவளுக்குக் காதில் ஏறியது. அப்போதுதான் அழுதாள். “ஐயோ ஆச்சி, அப்பம் ஒம் மவனா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உறையைப் பிரித்து, நீங்கள் எல்லாரும் சுகம் என்கிற உன் முதல் வரியை நான் உரக்கப் படிக்கிற வரைக்கும் உனக்காக அழுதாள். மீதியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

கையெழுத்தைப் போட்டோ போடாமலோ அனுப்பு. உறையின் மூலையில் மை படாமல் அனுப்பு.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா
சங்கரம்மாள்
(எழுதினதும் கையெழுத்தும் நானே)