கிட்டார்ப் பசையும் என் மூக்கும்

கிட்டார் செய்யும் மாமேதையாகிய என் மகளுக்கு,

நேற்று நீ பலகைகளை இறுக்கிக் கட்டுமுன்பே தோற்பசை குளிர்ந்து உறைந்ததற்கு, நான் சன்னலைத் திறந்ததே காரணம் எனத் தீர்ப்பளித்தாய். ஒப்புக்கொள்கிறேன். மாட்டுத்தோலைக் காய்ச்சும் வீட்டில் மூச்சுவிட்டது என் குற்றமே. “உங்க மூக்குக்காக என் கிட்டார் பாழாகணுமாப்பா?” என்றாயே, முப்பதாண்டு வகுப்பறையில் எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

இன்று சன்னல்கள் அனைத்தையும் சாத்திவிட்டேன். பசைக்கிண்ணம் வெந்நீரில் இருக்கிறது. பலகைகளை அடுப்பருகே வெதுவெதுப்பாக வைத்துள்ளேன். சோறு மூடியிருக்கிறது, அதைப் பசையென்று பூசிவிடாதே.

மூச்சுவிடுவதற்காகப் பூங்காவுக்குப் போகிறேன்.

அப்பா

பி.கு.: பசை பூசுமுன் கைப்பேசியில் அழை, வருகிறேன். பலகைகளைப் பிடிக்க உனக்கு இரு கைகள் போதா. என் கைகளில் ஒன்று மூக்கைப் பொத்தியிருக்கும், மற்றது உனக்கு.