தீவட்டிக்காரன் உயிரோடு வந்த கதை

இன்று காலை மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் மடியில் பேப்பரை விரித்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சை மொச்சைக்கு ஒரு வாசனை உண்டே, கொஞ்சம் புல், கொஞ்சம் மண், கொஞ்சம் மூட்டைப்பூச்சி என்று நீ சொல்வாய். அது மூக்கில் ஏறியதுமே தலை தானாக ஜன்னலோரம் திரும்பிவிட்டது, உன்னைத் தேடி. அங்கே காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நீ ரயிலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் உன்னைத் தூங்கவிட்டால்தானே.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் காலை வண்டி, லேடீஸ் பெட்டி. நீ டெலிபோன் ஆபரேட்டர், நான் டைப்பிஸ்ட். அப்போது நான் இவ்வளவு அகலம் இல்லை. மூன்று பேர் சீட்டில் நான்காவதாக என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது என்னைக் கண்டால் மூன்றாவது ஆளே எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்கிறாள்.

வண்டி கொளவாய் ஏரியைத் தாண்டியதும் நீ தொண்டையைக் கனைப்பாய். உடனே பெட்டியில் பீன்ஸ் நறுக்குகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், தலை பின்னிக்கொள்கிறவர்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்தாமல் வாயை மட்டும் மூடுவார்கள். தாம்பரம் வரைக்கும் கதை. அதுவும் என்ன கதை! மாமியார் கதை, மருமகள் கதையெல்லாம் எங்களிடமே ஏராளமாக இருந்தது. நீ சொன்னது மாயக்கதை. கடலுக்கடியில் சூரியன் எட்டாத ஒரு நாடு, அதற்கு முத்தழகி என்று ஓர் இளவரசி. நாட்டின் உயிர்முத்தை ஒரு பூதம் திருடிக்கொண்டு போய்ப் பாதாளக் குகையில் வைத்திருக்கிறது. அதை மீட்கப் புறப்பட்ட இளவரசிக்குத் துணை ஒரே ஓர் ஆள், தீவட்டிக்காரன். அவன் பிடித்திருக்கும் தீவட்டி தண்ணீரில் அணையாது.

"தண்ணிக்குள்ள தீவட்டி எப்படிம்மா எரியும்?" என்று கேட்டார் கூடுவாஞ்சேரியில் இறங்கும் டீச்சர்.

"அது உங்க ஸ்கூலுக்குள்ளதான் எரியாது டீச்சர். இங்க எரியும்" என்றாய். டீச்சர் அன்றிலிருந்து கூடுவாஞ்சேரியில் கடைசி ஆளாகத்தான் இறங்கினார்.

கதையில் ஒருநாள் குகைக்குள் ஆமைக்கிழவி என்று ஒரு மாயக்காரி வந்தாள். தீவட்டிக்காரனை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு ஜோடி செருப்பைக் காட்டினாள். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் போதும், திறக்கும்போது வீட்டு வாசலில் நிற்கலாம். நீ இதைச் சொன்ன மாத்திரத்தில் பெட்டியே ஒரு பெருமூச்சு விட்டது. வண்டியில் இரண்டு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் வருகிற பொம்பளைகளிடம் வேறு எதைக் காட்டி ஆசை மூட்ட முடியும்? பொன்னையும் வைரத்தையும் காட்டும் மாயக்காரிகள் எல்லாம் உன்னிடம் பாடம் கேட்க வேண்டும்.

"எனக்கு ஒரு ஜோடி கேட்டுச் சொல்லும்மே" என்றாள் பூக்கார சரோஜா. சிங்கப்பெருமாள் கோயிலில் கூடையோடு ஏறுகிறவள். பூவுக்கு முன்னால் அவள் குரல் ஏறும்.

"உனக்குக் குடுத்தா போட்டுப்பியா? இருட்டுல அந்தப் பொண்ண வுட்டுட்டுப் போவியா?" என்று நீ மடக்கினாய்.

சரோஜா நாரைக் கடித்தபடி யோசித்தாள். "போட்டுகினுதான் போவேன். ஆனா அந்தப் பொண்ணையும் இட்டுகினு போவேன்."

"ஒரு ஜோடில ரெண்டு பேர் எப்படிடி?"

"ஆளுக்கு ஒண்ணு! நொண்டிகினே வூடு போய்ச் சேரமாட்டோமா?"

பெட்டி சிரித்து அடங்குவதற்குள் நீ மெதுவாகச் சொன்னாய்: தீவட்டிக்காரனுக்கு அது தோணல. அவன் மட்டும் மாட்டிக்கிட்டான். தாம்பரம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவன் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. கூட்டத்தில் யார் காலை யார் மிதித்தாலும், "தீவட்டி மாதிரி நிக்காதே" என்பதுதான் திட்டு.

இந்த இடத்தில்தான் என் வாய் கதைக்குள் வருகிறது. பிளாட்பாரத்தில் நடக்கும்போது முடிவை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்: அவன் மனம் திருந்தி ஓடிவருவான், இளவரசியை விழுங்க வரும் சுறாவின் வாயில் தீவட்டியோடு பாய்வான், செத்துப்போவான், அவளைக் காப்பாற்றிவிடுவான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சரோஜாவிடம் மட்டும் சொன்னேன். சரோஜாவிடம் மட்டும் சொல்வது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் நீ தொண்டையைக் கனைப்பதற்கு முன்னாலேயே கன்னியம்மா கேட்டாள். "அக்கா, அந்த ஆளு சாவப்போறானாமே?"

நீ என்னைப் பார்த்தாய். நான் கொளவாய் ஏரியில் இருந்த கொக்குகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன்.

கன்னியம்மா சானடோரியத்தில் இறங்கி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போகிறவள். பிறந்தது மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் மீனவக் குப்பம், கட்டிக்கொடுத்தது செங்கல்பட்டில். அத்தனை மாதத்தில் அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"செத்தாத்தான் நல்லவனாவானா? உயிரோட வந்தா சேத்துக்க மாட்டாங்களா?"

"கதைன்னா அப்படித்தான் கன்னியம்மா. தப்பு பண்ணவன் உசுரக் குடுத்தாத்தான் கேக்குறவங்க மனசு ஆறும்."

"கேக்குறவங்களுக்கு ஆறும். அவன் ஆத்தாளுக்கு?"

 கன்னியம்மா குனிந்தபடி மீதியைச் சொன்னாள். அவள் தம்பி ஏழுமலை. அப்பாவோடு கடலுக்குப் போனபோது படகு கவிழ்ந்துவிட்டது. அப்பாவின் கால் வலையில் மாட்டிக்கொண்டது. பையன் பயத்தில் திரும்பிப் பார்க்காமல் நீந்திக் கரை ஏறிவிட்டான். பின்னால் வந்த படகுக்காரர்கள் அப்பாவைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். உயிர் தப்பினார், கால் ஒன்று நொண்டியானது. அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மதுராந்தகத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான், வீட்டுப் பக்கம் வருவதில்லை.

"நான் கடலுக்கே போயி மாண்டாத்தான் இது தீரும்ன்றான்க்கா" என்றாள். "நீயும் அதையே சொல்லாத."

அன்றைக்குக் கதை இல்லை. அடுத்த நாளும் இல்லை. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறித்துக்கொண்டு வந்தாய். எக்மோரில் இறங்க வேண்டியவள் பார்க் வரைக்கும் போய்த் திரும்பினாய். "கொல்றது ரொம்பச் சுலபம்டி. சுறா வந்தா முடிஞ்சுது. உயிரோட கொண்டாந்து நிறுத்தறேன்னு வை, அவ முதல்ல என்ன சொல்லுவா? அதுதான் தெரியல" என்றாய்.

பெட்டியில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், இளவரசி புத்தி சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். "முதல்ல ஒரு அறை, அப்பறம் சோறு" என்றாள் சரோஜா. நான் அவனை மன்னித்து இளவரசிக்கே கட்டிவைத்துவிடலாம் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே கருகிப்போனது. கன்னியம்மா மட்டும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தாய். தீவட்டிக்காரன் வீட்டு வாசலில் கண்ணைத் திறக்கிறான். விளக்கு, அம்மா, சோறு எல்லாம் இருக்கிறது. ஒன்றும் இறங்கவில்லை. திரும்பிப் போகலாம் என்று செருப்பை மாட்டிக் கண்ணை மூடினால், திறக்கும்போது அதே வாசல். அந்தச் செருப்புக்கு வீட்டுக்கு வர மட்டும்தான் தெரியும். திரும்பிப் போவதென்றால் நடக்க வேண்டும். கழற்றி எறிந்துவிட்டு, தீவட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். முள், பாறை, பாசி, எல்லாவற்றையும் மிதித்து நடந்தான். குகை வாசலில் போய் நிற்கிறான். உள்ளே இருட்டில் மூச்சுச் சத்தம் கேட்கிறது. கால் நகரவில்லை.

"அப்பறம்?" என்றாள் கன்னியம்மா.

"சத்தியமா எனக்குத் தெரியல. திங்கக்கிழமைக்குள்ள யோசிக்கிறேன்" என்றாய்.

கன்னியம்மா திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். திங்கள் காலை எங்களுக்குச் சொன்னாள், முகமெல்லாம் வேறு ஆளாக.

"வரமாட்டேன்னான். 'தோ பாருடா, கதையில அவன் குகை வாசல் வரைக்கும் நடந்துட்டான், நீ பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது வா'ன்னேன். எந்தக் கதைன்னான். வழி நெடுக்க அதைச் சொல்லிகினே இட்டாந்தேன். வண்டி குப்பத்தாண்ட வந்தப்பதான் அவனுக்கே தெரிஞ்சுது."

மணலில் அவன் நின்றுவிட்டானாம். அப்பா நொண்டிக் காலை நீட்டிப்போட்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். குப்பமே எட்டிப் பார்க்கிறது. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

"எனக்கு உசுரே இல்லக்கா. அப்பறம் எங்க நைனா சொல்லுது, 'இன்னாடா மரம் மாதிரி நின்னுகினு கீற? அந்தாண்ட முனையப் புடி. பேஜாராக் கீது இந்தச் சிக்கு.' அவ்ளோதான். போயிப் புடிச்சான். பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் சிக்கெடுத்தாங்க. ஒரு பேச்சு இல்ல."

"உங்கம்மா?" என்றாள் சரோஜா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அது வேற. எல்லாருக்கும் சேத்து அதுதான் திட்டுச்சு. சோறு போட்டுகினே திட்டுச்சு, போட்டுகினே திட்டுச்சு. அவன் நாலு தடவ வாங்கித் தின்னான்."

பெட்டி சிரித்ததா அழுததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ உன் இடத்திலிருந்து எழுந்து கன்னியம்மாவை ஜன்னலோரம் உட்கார்த்தினாய். அந்த ஜன்னலை நீ எனக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

"குகை வாசல்ல அவன் நிக்கறான். உள்ள அவளுக்குக் காலடி கேட்டுடுச்சு. என்ன சொன்னா? நீயே சொல்லு."

கன்னியம்மாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தோம். பொத்தேரி வந்து போயிற்று. அப்புறம் சொன்னாள்: "'வந்துட்டியா, வெளிச்சத்த இப்டி காட்டு. கால்ல சிப்பி குத்திகீது'ன்னா."

அவ்வளவுதான் முடிவு. பக்கத்துப் பெட்டி ஆம்பளைகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கைதட்டினோம். டீச்சருக்கு மட்டும் ஒரு குறை. "தண்டனையே இல்லையேம்மா?"

"அவ்ளோ தூரம் நடந்து வந்தான் இல்ல டீச்சர்" என்றாய் நீ.

உன் கதைகளை எழுதிவைக்கச் சொல்லி நான் நச்சரித்ததுண்டு. "எழுதினா எங்கயாவது முடிக்கணும். சொன்னா தாம்பரம் வந்தா போதும்" என்று தட்டிக்கழித்தாய். கடைசியில் நான்தான் எழுத்தாளர் ஆனேன், அதுவும் சிரிப்பு எழுத்தாளர். என் கதைகளில் அயோக்கியன் ஒருத்தனும் சாவதில்லை, உருப்படியாகத் தண்டனை வாங்குவதும் இல்லை என்று வாசகர்கள் குறை சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் திருந்திய வில்லன் யாரையோ காப்பாற்றிவிட்டுக் கண்ணை மூடும்போதெல்லாம், "சோம்பேறிப் பசங்க" என்கிறேன். என் மகனுக்குப் புரிவதில்லை. ஏழுமலைக்கு இப்போது சொந்தமாகப் படகு இருக்கிறது. நீ போய்ச்சேர்ந்த பிறகும் கன்னியம்மா வருஷத்துக்கு ஒருமுறை இறால் கொண்டுவந்து கொடுத்து உன்னைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள்.

போன மாதம் என் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் நாத்தனார் விஷயம். குடும்பக் கதையையெல்லாம் பத்திரிகையில் போட்டுச் சிரிப்புக் காட்டுகிறேன் என்று ஒரு கல்யாண மண்டபத்தில், நான் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் கத்தினாளே, அவள்தான். அவள் சொன்னது உண்மை என்பது வேறு விஷயம். அதிலிருந்து பல வருஷம் பேச்சு இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. அவள் என்றைக்காவது படியேறி வந்தால் என்ன சொல்வது என்று பாத்திரம் தேய்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் வசனம் தயார் செய்துகொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் ஊசி. நான் அச்சில் எழுதிய எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

வந்தாள். முன்னறிவிப்பு கிடையாது. கதவைத் திறந்தால் கையில் ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நிற்கிறாள். தலை நரைத்திருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். எனக்கு முதல் வசனம் நுனிநாக்குக்கு வந்துவிட்டது, வாயையும் திறந்துவிட்டேன்.

"வந்தியா, அடுப்புல பால் இருக்கு, ஓடு. எனக்கு முட்டி வலி."

ஓடினாள். பாதிப் பால் வழிந்துவிட்டிருந்தது. மீதியில் இரண்டு பேரும் காபி குடித்தோம். மண்டபத்துப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

என் வசனங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடச் செலவாகவில்லை. அவ்வளவும் நல்ல வசனம்டி. உன்னிடமாவது சொல்லிக் காட்டிச் சிரிக்கலாம் என்றால், நீ இல்லை.