மெழுகு வைத்த முட்டை பொரிந்த சேதி

பாசமுள்ள மச்சானுக்கு,

போன இடத்திலும் யார் வீட்டுக் கோழியையாவது குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். உங்கள் கருங்கால் பெட்டையைப் பற்றிய சேதி. அதைவிட, என் அக்காவைப் பற்றிய சேதி.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அக்கா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், உட்கார் என்றால் உட்கார்ந்தாள். திருப்பூரிலிருந்து உங்கள் மகள் ஓயாமல் போன் போட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடம்மா என்று கூப்பிட்டாள். அக்காவும் சரி என்றுவிட்டாள். கோழிகளையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் கொடுத்தாள். கருங்காலை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அது முட்டையிட்டு முடித்து அடையில் உட்காரப் போகிற நேரத்தில் நாய் பிடித்துவிட்டது.

மிஞ்சியது முட்டைகள்தான். அவற்றை முந்தானையில் கட்டிக்கொண்டு அக்கா நாமகிரிப்பேட்டை ரோட்டில் இருக்கும் என் பஞ்சர் கடைக்கே வந்துவிட்டாள்.

"இதுக பொரிச்சா நான் இங்கயே இருந்துக்கறன்டா தம்பி. இல்லீன்னா புள்ளகூடப் போயர்றேன்" என்றாள்.

ராசிபுரத்தில் ஒரு சிநேகிதனிடம் குஞ்சு பொரிக்கிற மெசினை இரவல் வாங்கி வந்து உங்கள் வீட்டிலேயே வைத்தேன். கரண்டுக் கோழிக்குக் கொக்கரிக்கத் தெரியுமா மாப்ளே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஊரில் அடையில் உட்காரும் நிலையில் ஒரு கோழிகூட இல்லை மச்சான், நான் என்ன செய்ய?

எல்லாம் நன்றாகத்தான் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் ஓடின. அப்புறம் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து இடி முழங்கியது. இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று நீங்கள் அடைக்கூடைக்குள் காப்பு இரும்பாக லாரி வீல் போல்ட் ஒன்றைப் போட்டு வைப்பீர்களே, அக்கா அதைத் தேடி எடுத்து மெசினுக்குள் போட்டுவிட்டாள். கூடை அசையாது. மெசின் தட்டு முட்டைகளைத் திருப்புவதற்காகத் தானாகவே சாயும். தட்டு சாயச் சாய, போல்ட்டும் உருண்டு உருண்டு முட்டைகளில் இடித்திருக்கிறது.

காலையில் போய்ப் பார்த்தால் மூன்று முட்டைகளில் விரிசல். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன்.

"மிசினுக்கு மட்டும் இடி கேக்காதாக்கும்? அவரு இருந்திருந்தா போடாம இருப்பாரா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானே அடிச்சுக் கொன்னுட்டேனே என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொல்லுங்கள் மச்சான், இடி இரும்புக்குப் பயப்படுமா? இல்லை, உங்களுக்கும் அது ஒரு மனத்தைரியம்தானா?

ஒரு முட்டை ஒழுகிவிட்டது. அது போனதுதான். மற்ற இரண்டில் ஓடுதான் கீறியிருந்தது, உள்தோல் கிழியவில்லை. டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவன் வேறென்ன யோசிப்பான்? கடையிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற சொல்யூசன் எடுத்து வருகிறேன் என்றேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நாற்றத்தில் குஞ்சு எப்படி மூச்சு விடும் என்று திட்டினாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவளிடம் வாங்கிய திட்டு அது. சந்தோசமாக இருந்தது.

கடைசியில் மெழுகுவத்திதான். உருக்கி, சூடு ஆறவிட்டு, உறைவதற்குள் பஞ்சுக் குச்சியால் விரிசலின் மேல் மட்டும் மெல்லிசாகத் தடவினேன். முட்டையை அக்கா உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். மெழுகு காயும்வரை அவள் கையை அசைக்கவில்லை. டார்ச் அடித்தோம். உள்ளே கறுப்பாக ஏதோ ஒன்று துள்ளியது. "அசையுதுடா" என்றாள். இரண்டு முட்டைகளையும் திரும்ப மெசினுக்குள் வைத்தோம்.

இருபத்தொரு நாள் ஆனதும் மற்ற முட்டைகளில் பாதி பொரிந்தன. மெழுகு வைத்ததில் ஒன்று உள்ளேயே அடங்கிப்போனது. இன்னொன்றில் குஞ்சு கத்துகிற சத்தம் கேட்டது, ஆனால் ஓடு உடையவில்லை. மூக்கால் குத்த வேண்டிய அகலமான பக்கத்திலேயே என் மெழுகு கெட்டியாக இருந்தது. காப்பாற்றப் போய் நானே கதவைச் சாத்திவிட்டேனோ என்று பயந்தேன். அக்கா முட்டையை எடுத்து, நகத்தால் மெழுகை மட்டும் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள். அங்கிருந்து நகரவே இல்லை. மத்தியானம் வாக்கில் மூக்கு வெளியே வந்தது. அப்புறம் தலை. ஈரமும் பிசுக்குமாக வந்து விழுந்த குஞ்சுக்குக் காலெல்லாம் கறுப்பு மச்சான்.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டிருப்பாள் போல. குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்:

"இப்ப எப்படி சாமி வாரது? ஊட்டுல பச்சக் குஞ்சு இருக்குதே."

நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்று அழுதேன். சிரிக்காதீர்கள்.

நாய் நுழைந்த இடத்தில் கம்பி வலை அடித்துவிட்டேன். தினமும் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு நடை போய் அக்காவையும் குஞ்சுகளையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்னமும் உங்களிடம் திட்டு வாங்க ஆசைப்படுகிற,
உங்கள் மாப்பிள்ளை.