கோ தாத்தாவின் சாப்பாட்டுப் பெட்டியும் உன் செயலியும்

அன்பு மகள் யூ-ஹானுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முட்டிவலிதான் மழை வந்தால் எங்களுக்கு முன்பே எழுந்துகொள்கிறது. டொராண்டோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பேசினால் நீ அழுவாய், நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன்.

தைதுங் வட்டாரத்துத் தொண்டு அமைப்புகளை மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் கூடத்தில் நான் கூட்டி வைப்பது உனக்குத் தெரியும். எந்தச் செயலி உதவுகிறது, எது காலை வாருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், ஆளாளுக்குத் தனியாகத் தேடித் திண்டாட வேண்டாம் என்றுதான். முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக நீ செய்துகொடுத்த செயலியை அங்கே எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. அதைக் கேட்டுத்தான் செங்கோங் துறைமுகத்தில் புதிதாக இதே சாப்பாட்டு வேலையைத் தொடங்கிய பனாய் என்ற பெண்ணும் அதையே எடுத்துக்கொண்டாள். மலைப்பாதையில் சிக்னல் போனால் உன் செயலி பழைய குறிப்பிலேயே நின்றுவிடுகிறது கண்ணு, சிக்னல் வந்த பிறகும் திருந்துவதில்லை. சிறுநீரகம் கெட்ட கோ தாத்தாவுக்கு உப்பில்லாச் சாப்பாடு என்று பனாய் மாற்றி எழுதியும், ஒரு வாரமாக உப்பில் ஊறிய கடுகுக்கீரைப் பெட்டியே போயிருக்கிறது. கொண்டுவரும் பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று அவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறார். இப்போது முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

இதைவிட என்னை வாட்டுவது வேறு. கூட்டத்துக்கு வரும் மற்றவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு முன்பே தெரியுமாம். கிளம்பும் முன் வீடுவீடாகப் போன் போட்டுக் கேட்டுச் சமாளித்து வந்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று அவர்களில் ஒருத்தியான லோ அக்காவிடம் சத்தம் போட்டேன். "உங்க பொண்ணு செஞ்சது, உங்க முன்னாடியே எப்படிங்க குறை சொல்றது? டீ வேற நீங்கதான் ஊத்துறீங்க" என்றாள். பனாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா, பெங் மாமா?" என்று கேட்டாள். நம் மரியாதை ஒரு மனிதரைப் படுக்க வைத்துவிட்டது.

நீ வேலை முடிந்த களைப்பிலும் உட்கார்ந்து செய்தது, எனக்குத் தெரியாதா. இப்போது அதைச் சரிசெய்ய உனக்கு நேரமில்லை என்பதும் தெரியும். வரும் சனிக்கிழமை நானே எழுந்து, யாரும் இதை நம்பிப் பெட்டி அனுப்பாதீர்கள் என்று சொல்லப்போகிறேன். "பிள்ளையைத் திட்டி எழுதாதீங்க" என்கிறாள் அம்மா. திட்டவில்லை கண்ணு, ஊரார் சொல்லி நீ கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், தெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இதைவிட நல்லதாக வேறு யாராவது செய்திருந்தால் அதன் பெயரைச் சனிக்கிழமைக்குள் சொல்லு. நீ சொன்னதாகவே அவர்களிடம் சொல்வேன்.

அன்புள்ள அப்பா,
பெங் வென்-ஷான்