டேப் பத்திரமா இருக்குக்கா

என்னை அடிக்க எத்தனையோ முறை கை ஓங்கி, ஒருநாளும் அடிக்காத என் சாந்தி அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அந்த வீடியோ டேப் கிடைத்துவிட்டது. "அதான் உங்கிட்டயே இருக்கேடா" என்பாய். இல்லை அக்கா. ஆறு வருஷமாக என்னிடம் இல்லை.

பர் துபாய் ஹோட்டலில் நீ சோல் பாட்டுப் பாடினால் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். விளாத்திகுளத்துக்காரிக்கு அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு எப்படி வாய்த்தது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். "வயித்துல இருந்து பாடுனா எல்லா ஊர்ப் பாட்டும் ஒண்ணுதான் சார்" என்றாய். அப்புறம்தான் சினிமா கூப்பிட்டது.

சினிமா செய்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. உன் குரலைக் கதாநாயகிகளின் வாயில் வைத்தார்கள். நீ திரையில் வந்த மூன்று படங்களிலும் உன்னை மேடையில் நிறுத்தி, வேறு யாரோ பாடியதற்கு வாயசைக்கச் சொன்னார்கள். உன் முகமும் குரலும் சேர்ந்து இருந்தது, இங்கே வளைகுடா டிவியில் நீ பாடிய ஒரே ஒரு பாட்டில்தான். அதை முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில் பதிந்து வைத்தவன் நான். அழித்தவனும் நான்.

டேப்பின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. நீ சொன்னபடி உடைத்துத்தான் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கிரிக்கெட் மேட்ச். டூட்டிக்குப் போனவர்களுக்காகப் பதிய வேண்டும், காலி டேப் இல்லை. எல்லா ரூமிலும் செய்வதுபோல, கைக்கு வந்த டேப்பின் ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டிப் போட்டுவிட்டேன். அது எந்த டேப் என்று பார்க்கவில்லை, சனியன்.

அடுத்த சில மாதங்களில் நீ ஆஸ்பத்திரியில். பக்கத்தில் ஒன்றரை வயதுப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். "அந்த டேப் பத்திரமா இருக்காடா? இவ வளந்ததும் காட்டணும்" என்றாய். "பத்திரமா இருக்குக்கா" என்றேன். வேறு என்னதான் சொல்லியிருப்பேன்? அதுதான் நீ என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி.

இப்போது பாப்பாவுக்கு ஏழு வயது, நீ பாடிய சினிமாப் பாட்டுகளைக் கேட்டே வளர்கிறாள். போன மாதம் நீ நடித்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இது அம்மா வாய்ஸ் இல்லையே. அம்மா ரியலா பாடவே மாட்டாங்களா?" என்றாள்.

அன்று என்னால் தாங்க முடியவில்லை. என் பழைய ரூம்மேட் சுப்பையா அண்ணன் இப்போது தோஹா தொழில்பேட்டையில் வெல்டர். அவருக்குப் போன் போட்டு, யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்லி அழுதேன்.

"கூறுகெட்ட பயலே, நான் இங்க வரும்போதே அத ஒரு காப்பி எடுத்துட்டுல்லா வந்தேன். இங்க பாதி கேம்ப் பாத்தாச்சு. வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேம்லா" என்றார்.

கேட்க வெட்கப்பட்டு ஆறு வருஷத்தைத் தின்றேன்.

அங்கிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை அத்தான் வீட்டில் போட்டோம். படம் கொஞ்சம் ஆடியது. நீ கண்ணை மூடி, இடது தொடையில் தட்டி ஆரம்பித்தாய். அத்தான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாப்பா டிவி அருகே போய் உன் உதட்டில் விரல் வைத்தாள்.

"மாமா, இது அம்மா வாய்ல இருந்தே வருது."

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஆறு இட்லி சாப்பிட்டேன்.

சிடியில் நாலு காப்பி போட்டாயிற்று. டேப்பின் துண்டையும் உடைத்துவிட்டேன். இனி எந்த உலகக்கோப்பை வந்தாலும் அந்த ஓட்டையில் எதையும் ஒட்ட மாட்டேன். உன்னிடம் பொய்யும் சொல்ல மாட்டேன். நீ இன்னொரு தடவை கேள் அக்கா, சொல்கிறேன்.

டேப் பத்திரமா இருக்குக்கா.

இனி நீ கை ஓங்கினாலும் ஓடாத,
உன் தம்பி முருகேசன்