கிணற்றில் தெரிந்த பூட்ஸ்

சித்தப்பா,

இன்று காலை மோட்டார் போடப் போனபோது கிணற்றின் அடியில் உங்கள் பூட்ஸைப் பார்த்தேன். இடது கால். முனையில் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் இரும்புத் தகடு துருவோடு தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் அது விழுந்த வேகத்திலேயே மறைந்துபோனது. அப்போது அந்தத் தண்ணீரில் கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரியாது. அவ்வளவு பச்சை.

தண்ணீர் தெளிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்தேன். அடுத்த மாதம் வயல் குத்தகை முடிகிறது. வயலுக்கும் கிணற்றுக்கும் சொந்தக்காரரான காகா அதை நமக்கே திரும்பத் தருவாரா என்று அம்மா தினமும் ஜெபத்தில் கேட்கிறாள். அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு உண்மை எனக்கு மட்டும் தெரியும். உங்களுக்கும் தெரியாது.

போசரிக் கம்பெனியில் முப்பது வருடம் லேத் மிஷின் ஓட்டிவிட்டு, ரிட்டையரான மறுமாதமே கோந்த்வாவைத் தாண்டிக் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, ரசாயனம் இல்லாமல் கீரை போடப்போகிறேன் என்றீர்கள். வயலுக்கும் கம்பெனி பூட்ஸோடுதான் வந்தீர்கள். முள்ளங்கியை வெர்னியர் வைத்து அளந்தீர்கள். ஒருநாள் மண்புழுவையும் அளக்கப் பார்த்து, "நெளியாதலே, ஒரு நிமிசம் நில்லு" என்று அதட்டினீர்கள்.

கிணற்று நீர்மட்டத்தையும் வாராவாரம் அளப்பீர்கள். விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, டேப்பை இறக்குவீர்கள். பூட்ஸ் கயிறு கட்டும் பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே. அது உள்ளே விழுந்த அன்று, ஒற்றைக் கால் பூட்ஸோடு பஸ் ஏறி வானவடி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"என்ன ஒத்தக் கால்ல வாரீய? இன்னொண்ணையும் போட்டுட்டு வந்திருந்தா மீனுக்காவது சோடியாக் கெடச்சிருக்கும்."

"மதினி, தண்ணி மூணு இஞ்சு ஏறியிருக்கு. அதக் கேளுங்க மொதல்ல."

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட வருடம் அது. டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் ஏன் நின்றாய் என்று கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. "களை புடுங்க வாய் எதுக்கு? நாளைக்குக் காலைல கெளம்பு" என்றீர்கள். அவ்வளவுதான்.

குத்தகையோடு வாரத்தில் ஒரு நாள் தண்ணீரும் நமக்குச் சேர்த்தி. காலனியில் பெருக்கிய சருகை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ப் பாத்தியை மூடினோம். மண் ஈரத்தை விடவில்லை. நமக்கு அரை நாளே போதும் என்றானது. மீதி அரை நாளைக் காகாவுக்கே திருப்பிக் கொடுத்தீர்கள். சும்மா கொடுக்கவில்லை, கூடவே ஒரு பிரசங்கமும் கொடுத்தீர்கள். காகா மராத்தியில் சொன்னதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். ஒருமுறையாவது அவரிடம் நம் பாஷையில் திட்டு வாங்குங்கள்.

"காகா, கெணறு பச்சையாக் கெடக்கதுக்கு உங்க யூரியாதான் காரணம். மழை பெஞ்சா கரைஞ்சு நேரா இதுக்குள்ளதான் வருது."

"அண்ணா, எங்கப்பா வெட்டின கிணறு இது. நீ மிஷினுக்கு எண்ணெய் போட்ட ஆளு. எனக்கு உரம் போடச் சொல்லித்தர்றியா?"

"எண்ணெயும் அளவாத்தான் போடணும். கூடுனா வழியும்."

"உன் வாய் வழியுதே, அதுக்கு என்ன போடறது?"

இப்போது அந்த உண்மைக்கு வருகிறேன். எருக்குழியை நீங்கள்தான் வெட்டினீர்கள். சாமான் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை ஓடும் என்பது கம்பெனி வழக்கம். அதனால் கிணற்றை ஒட்டி, மேட்டுப் பக்கத்தில் வெட்டினீர்கள். சாணி, சருகு, தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் தூரம். மழைநீர் தேங்கி எரு அழுகக் கூடாதென்று ரசமட்டம் வைத்துக் குழியின் தரையைச் சரித்தீர்கள். வடிவதற்கு ஓரத்தில் ஒரு துளையும் விட்டீர்கள்.

அடுத்த பெருமழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நான் நின்று பார்த்தேன். துளையிலிருந்து பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் கிளம்பிய தண்ணீர், வழியில் எங்கும் நிற்காமல், உடைந்த விளிம்பு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கியது. உங்கள் சரிவில் ஒரு பிசகும் இல்லை, சித்தப்பா.

சொல்லிவிட நினைத்து மூன்று தடவை "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். முதல் தடவை "பசிக்கா?" என்றீர்கள். இரண்டாம் தடவை "பஸ்ஸு போயிருமோ?" என்றீர்கள். மூன்றாம் தடவை காகாவோடு சண்டையில் இருந்தீர்கள். என்னையே சாட்சிக்கு இழுத்தீர்கள்.

"இந்தப் புள்ள தெனமும் பாக்கா. சொல்லுட்டி, யூரியாதான?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

கடைசியில் காகா கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வருஷம் யூரியா மூட்டையே வாங்கல, போதுமா? இனியாவது என்னை நிம்மதியா ஒரு ரொட்டி திங்க விடு அண்ணா." அன்று சாயங்காலம் நீங்கள் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம்கூடத் தரவில்லை, ஜெயித்தவர் நீங்கள்தானே. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கேக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம் பழைய குழியை மூடினேன். கிணற்று விளிம்புக்கு மண் அணைத்தேன். புதுக் குழியைக் கிணற்றைவிடத் தாழ்வான பக்கம், வயலின் கடைசி மூலையில் வெட்டினேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். "நடை கொறையும்" என்றேன். உண்மையில் நடை இரண்டு மடங்காகியிருந்தது. இப்போது கிணறு தெளிந்திருக்கிறது. யூரியா நின்றதாலா, குழி நகர்ந்ததாலா? இரண்டாலும்தான் என்று நினைக்கிறேன்.

இன்று காலை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே காகாவும் வந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் ஒரு சொல்கூடப் பேசாததால், எனக்குப் பேச்சே வராது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். பூட்ஸைக் காட்டினார். தன் காலைக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். உங்களைத்தான் சொல்கிறார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காதும் கேட்காது என்பதுபோல் கத்தினார்.

"அண்ணா சொன்னதுதான் சரி! எல்லாம் என் யூரியா! குத்தகை உங்களுக்குத்தான், அம்மாகிட்டச் சொல்லு. தண்ணியும் இனி வாரம் ரெண்டு நாள் எடுத்துக்கோங்க!"

மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினால் போதும். எனக்குப் பழகிய வேலை. ஆட்டவும் செய்தேன்.

அதற்குள் அவர் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். "இனி நானும் எருதான் போடப்போறேன். அண்ணா வெட்டின அதே இடத்துல, அதே மாதிரி குழி!" என்று, கிணற்றின் மேட்டுப் பக்கத்தில் நான் மூடிய இடத்தில் போய் நின்று, உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, மண்வெட்டியை ஓங்கினார்.

நான் ஓடிப்போய் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"காகா, இங்க வேண்டாம்," என்று மராத்தியில் சொன்னேன். "எங்க குழியிலருந்து வடிஞ்ச தண்ணியும் கெணத்துக்குள்ளதான் போச்சு. மழையில நான் பாத்தேன்."