ஒஸ்லோவில் இருந்த முல்லை

அக்கா,

நேற்று கிளினிக்குக்கு அழைக்கப் போய், தவறுதலாக அவர்களுடைய ஃபேக்ஸ் இலக்கத்தை அழுத்திவிட்டேன். காதுக்குள் டயல்-அப் இன்டர்நெட் காலத்து அந்தப் பழைய கீச்சொலி. பஸ் தரிப்பில் நின்றபடியே அழுதுவிட்டேன். உங்களை அடக்கம் செய்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை.

அப்போது என் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் ஒரு தொலைபேசி வயர்தான். இன்டர்நெட் ஓடினால் யாரும் அழைக்க முடியாது. மொன்றியலில் கைநீட்டும் கணவனை விட்டு கூடப் பிறக்காத என்னை நம்பி ஒரு பையோடு வந்திருந்த உங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. ‘முல்லை’ என்ற பெயரில் தமிழ் அரட்டை அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அங்கேயும் கோஷ்டிகள். யூனிவர்சிட்டியில் படிக்கும் காம்பஸ் பிள்ளைகள் பாதி ஆங்கிலத்தில் பகிடி விடுவார்கள். சமையலறை வேலை முடித்து வரும் பொடியங்களுக்கு ஊரில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் தேவை. கவிதை எழுதிக் காதல் தேடுகிறவர்கள் தனிக் கூட்டம். ஐரோப்பாவிலிருந்து அரசியல் பேசும் அண்ணைமார் மற்ற எல்லோரையும் ஏசுவார்கள். அவர்களில் ‘வாத்தியார்’ என்பவர் உங்களுக்கு ஜென்மப் பகை. ஒருநாள் கோபத்தில் அவருக்குத் தனியாக, “ஸ்காபரோவுக்கு வாங்கோ, பாப்பம்” என்று எழுதிவிட்டீர்கள். இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டோமே என்று பிறகு நாங்கள் இருவருமே பயந்தோம்.

ஒரு சனிக்கிழமை புதியவன் ஒருவன் வந்தான். “ஊரில எவடம்?”

நம்மவர்கள் முதலில் கேட்பது அதுதான். கேட்டால் சொல்லாமல் இருக்கவும் நமக்குத் தெரியாது. மன்னார்ப் பக்கம் என்றீர்கள். எந்தக் கோயில் என்றான். அதையும் சொல்லி, திருநாளில் புனிதரின் சுரூபம் தூக்கும்போது உங்கள் அப்பா முன்னுக்கு நிற்பதையும் எழுதினீர்கள். வெகுநாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

அவனுடைய அடுத்த வரி: “அண்ணி, நீங்கள்தானே? அண்ணை தேடித் திரியிறார். இப்ப எங்க இருக்கிறியள்?”

“வயரைக் கழட்டடி” என்றீர்கள். நான் எழும்பினேன். “பொறு, வாத்தியார் நிக்கிறார். நாங்கள் ஸ்காபரோ எண்டு அந்தாளுக்குத் தெரியும்.” என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

பிறகு வாத்தியாரின் வரி வந்தது. “முல்லையோ? அந்தப் பிள்ளை ஒஸ்லோவில. என்ர மனுசியோட வேலை செய்யிறா.”

உடனே ஒரு காம்பஸ் பிள்ளை: “நோ வே, மெல்பேர்ன். எங்கட டியூஷன் ரீச்சர்.” சமையல்காரப் பொடியன்: “பாரிஸில போன கிழமை கண்டனான்.” கவிதைக்காரன் ஒருவன்: “அது நான்தான். பெட்டை எண்டு ஏமாத்தினனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஒரு நாளும் ஒத்துப்போகாத கூட்டம், அக்கா. அந்தப் புதியவன் தூஷண வார்த்தை ஒன்றை எழுதிவிட்டு வெளியேறினான். “உவையள் ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே” என்று என் தோளில் அழுதீர்கள். மறுநாள் வாத்தியார் வழக்கம்போல உங்களை ஏசினார்.

இப்போது எல்லோரும் சொந்தப் பெயரோடும் படத்தோடும்தான் வருகிறார்கள். போன கிழமை நான் இப்போது குடியிருக்கும் பிக்கரிங்கின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, “என்ர மனுசி. ஆராவது கண்டால் சொல்லுங்கோ” என்று கேட்டிருந்தார். அன்று காலையில்தான் அவளை ரெயினில் கண்டிருந்தேன். கன்னத்தில் பூசியிருந்த பவுடருக்குக் கீழே அடிபட்ட நீலம் தெரிந்தது.

குழுவில் எல்லோரும் அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டின் மறுகரையில் இருக்கும் வன்கூவரில் கண்டேன் என்று எழுதினேன்.